அத்தியாயம் 6: டோக்கன் நோட்டிலிருந்து கைப்பேசிக்கு

மன்னார்புரத்தில் சிறு மருத்துவமனை ஒன்றை நடத்துகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 20, 30 படுக்கைகள். நிரந்தர மருத்துவர்கள் இருவர், மாலையில் வந்து போகும் நிபுணர்கள் நாலைந்து பேர். கீழ்த்தளத்தில் லேப், பக்கத்தில் மருந்துக்கடை. மத்தியப் பேருந்து நிலையத்துக்கும் டி.வி.எஸ். டோல்கேட்டுக்கும் நடுவே இடம் அமைந்துவிட்டதால் கூட்டத்துக்குக் குறைவில்லை. விராலிமலை, இலுப்பூர், மணப்பாறை என்று தெற்கிலிருந்தும் வருகிறார்கள். ஸ்ரீரங்கம், லால்குடி என்று காவிரிக்கு அக்கரையிலிருந்தும் வருகிறார்கள்.

இந்த நிலையில் லேப்டாப்போடு ஒருவர் வந்து, "பெரிய ஆஸ்பத்திரி எல்லாம் ஆப் வச்சிருக்காங்க சார், நாமும் ஒண்ணு போட்டுடலாம்" என்பார். 1999-இல் திருச்சியில் தொடங்கி இன்று பல நகரங்களில் கிளை வைத்திருக்கும் காவேரி மருத்துவமனையையும், 2020-இல் வந்த அப்போலோ 24/7 செயலியையும் உதாரணம் காட்டுவார். உடனே தலையாட்டிவிடாதீர்கள். அவர்களுக்கு நகரத்துக்கு நகரம் கிளை, தனித் தொழில்நுட்பப் பிரிவு, விளம்பரச் செலவு எல்லாம் உண்டு. உங்கள் தேவை வேறு.

திருச்சியில் பிறந்த வாசன் கண் மருத்துவமனையின் "நாங்க இருக்கோம்" விளம்பரம் ஒரு காலத்தில் தமிழ்நாட்டில் எல்லாருக்கும் மனப்பாடம். தொலைக்காட்சியால் அப்படிப் பெயர் வாங்க முடிந்தது. கைப்பேசியின் கணக்கு வேறு. அது புது நோயாளியைக் கூட்டி வருவது குறைவு. ஒரு முறை வந்தவரிடம் நீங்கள் சொன்ன நேரத்தையும் சொன்ன சொல்லையும் காப்பாற்றினீர்களா என்பதைத்தான் அது தினமும் காட்டிக்கொடுக்கும். காப்பாற்றினால் அவரே அடுத்தவரை அனுப்புவார். இந்த அத்தியாயம் முழுவதும் அந்த ஒரு வேலையைப் பற்றியதுதான்.

செயலி வாங்குவதற்கு முன்

சொந்தச் செயலி என்பது கடைசிப் படி. நேராக அங்கே தாவியவர்களின் செயலிகளை பிளே ஸ்டோரில் தேடிப் பாருங்கள்: கடைசியாகப் புதுப்பித்தது மூன்று வருடத்துக்கு முன், விமர்சனத்தில் "ஓடிபி வரவில்லை" என்று நாலு பேர். வயிற்று வலிக்காக வருடத்தில் இரண்டு முறை வருபவர் உங்களுக்கென்று ஒரு செயலியைப் போனில் வைத்திருக்க மாட்டார். வாட்ஸ்அப் பெரும்பாலோரிடம் இருக்கிறது. அதனால் வரிசை இப்படி இருக்கட்டும்:

1. ஒரு வாரம் எண்ணுங்கள். ரிசப்ஷனில் ஒரு தாளை ஒட்டி, போன் வரும்போதெல்லாம் ஒரு கோடு போடச் சொல்லுங்கள். "டாக்டர் வந்துட்டாரா?", "என் நம்பர் எப்ப வரும்?", "ரிப்போர்ட் ரெடியா?", "எந்த ஸ்டாப்பில் இறங்கணும்?" என்று நாலு பத்தி போதும். எந்தப் பத்தி நிறைகிறதோ அதுதான் நீங்கள் முதலில் சரிசெய்ய வேண்டியது.

2. மருத்துவமனையின் பெயரில் தனி சிம் வாங்குங்கள். மேலாளர் பெயரில் வாங்கிய எண்ணை ஊருக்கெல்லாம் கொடுத்துவிட்டு, அவர் வேலையை விட்டுப் போனதும் எண்ணும் போனது என்று தவிப்பவர்கள் உண்டு. அந்த எண்ணில் வாட்ஸ்அப் பிசினஸ் போட்டு, இரண்டு கட்ட உறுதிப்பாட்டுக்கான 6 இலக்கப் பின் எண்ணை உரிமையாளர் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

3. கூகுள் வரைபடத்தில் உங்கள் இடத்தை உரிமை கோருங்கள். நேரம், விடுமுறை, வாசலின் படம் எல்லாம் சரியாக இருக்கட்டும். 2025-இல் பஞ்சப்பூர் பேருந்து முனையம் செயல்படத் தொடங்கி வெளியூர்ப் பேருந்துகள் பல அங்கே மாறிவிட்டன. உங்கள் சீட்டிலும் செய்தியிலும் "மத்தியப் பேருந்து நிலையத்தில் இறங்கி நடந்து வரவும்" என்று இன்னும் இருந்தால், முதுகுவலிக்காரர் ஒருவர் உங்களை நினைத்துக்கொண்டே நடப்பார்.

4. ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் திட்டத்தின் மருத்துவமனைப் பதிவேட்டில் உங்கள் மருத்துவமனையையும், அதன் மருத்துவர் பதிவேட்டில் உங்கள் மருத்துவர்களையும் சேர்த்துவிடுங்கள். 2021 செப்டம்பரில் நாடு முழுவதும் வந்த திட்டம் இது. நோயாளிக்கு ஆபா என்ற 14 இலக்கச் சுகாதாரக் கணக்கு எண் தருகிறார்கள். க்யூஆர் கோடை ஸ்கேன் செய்தாலே பெயர், வயது, முகவரி பதிவாகி டோக்கன் வரும் வசதியை 2022 அக்டோபரில் டெல்லி லேடி ஹார்டிங்கே மருத்துவக் கல்லூரியில் தொடங்கினார்கள். வசதி மட்டும் இலவசமாகக் கிடைக்கிறது. வாசலில் நின்று சொல்லிக்கொடுக்க ஆள் நீங்கள்தான் போட வேண்டும்.

டோக்கன்: பாதிப் பெயர் இங்கேதான்

ஆறு மணிக்கு டாக்டர் என்று போர்டு இருக்கும். மூன்றரைக்கே செருப்புகள் வாசலில் சேர ஆரம்பிக்கும். நோட்டில் பெயர் எழுதிவிட்டு எதிர்க் கடையில் டீ குடிக்கப் போனவர் திரும்புவதற்குள் அவர் பெயரைக் கூப்பிட்டுவிட்டு அடுத்தவரை உள்ளே விட்டிருப்பார்கள். டாக்டர் ஏழே காலுக்கு வருவார். இலுப்பூர்க்காரர் கடைசிப் பேருந்தை நினைத்து எழுந்து எழுந்து பார்ப்பார். சிகிச்சை எவ்வளவு நன்றாக இருந்தாலும் ஊரில் போய் அவர் சொல்லப்போவது இந்தக் காத்திருப்பைத்தான்.

டாக்டர் தாமதமாவதை நீங்கள் ஒழிக்க முடியாது. பிரசவமும் விபத்தும் நேரம் பார்த்து வருவதில்லை. தாமதத்தை முன்கூட்டிச் சொல்ல முடியும். "வேர் இஸ் மை டிரெயின்" செயலியில் வண்டி 50 நிமிடம் லேட் என்று பார்த்துவிட்டு நிதானமாகச் சாப்பிட்டுக் கிளம்புகிறவர்தான் உங்கள் நோயாளியும். வண்டி லேட்டானதில் அவருக்குக் கோபம் குறைவு. தெரியாமல் பிளாட்பாரத்தில் உட்கார்ந்திருந்தால்தான் கோபம்.

செய்யும் முறை:

1. ஒவ்வொரு மருத்துவரும் ஒரு நோயாளிக்கு உண்மையில் எத்தனை நிமிடம் எடுத்துக்கொள்கிறார் என்று மூன்று நாள் குறித்து வையுங்கள். அவரிடம் கேட்காதீர்கள். ஏழு நிமிடம் என்பார்; கடிகாரம் பன்னிரண்டு என்று காட்டும்.

2. அந்தக் கணக்குப்படி டோக்கனைப் பிரியுங்கள். ஒரு பகுதி முன்பதிவு, ஒரு பகுதி நேரில் வருவோருக்கு. நேரில் வருவோர் பங்கை எக்காரணம் கொண்டும் மூடாதீர்கள். போன் இல்லாத பாட்டி, அவசரமாகக் காய்ச்சல் குழந்தையைத் தூக்கி வரும் தாய் இருவரும் ஆப் தெரியாததால் திரும்பிப் போனால், நீங்கள் கட்டிய பெயர் அன்றே இடியும்.

3. பதிவானதும் ஒரு செய்தி போகட்டும். "வணக்கம். உங்கள் டோக்கன் 23. மாலை 6.15 அளவில் அழைப்போம். 5.45-க்கு வந்தால் போதும். பழைய சீட்டுகளையும் இப்போது சாப்பிடும் மாத்திரை அட்டைகளையும் கொண்டு வாருங்கள்."

4. தாமதம் என்று தெரிந்த அந்த நிமிடமே இரண்டாவது செய்தி. "டாக்டர் அவசர அறுவை சிகிச்சையில் இருக்கிறார். இன்று சுமார் 40 நிமிடம் தாமதமாகும். கிளம்பாதவர்கள் 7 மணிக்கு வரலாம். வேறு நாள் வேண்டுமானால் 2 என்று பதில் அனுப்புங்கள்." இதை அனுப்பும் பொறுப்பு ஒரே ஒருவரிடம் இருக்க வேண்டும். "யாராவது அனுப்புவார்கள்" என்றால் யாரும் அனுப்ப மாட்டார்கள்.

5. வெளியே போய் வந்தவரின் டோக்கன் செத்துவிடக் கூடாது. திரும்பி வந்தால் இரண்டு பேருக்குப் பின் உள்ளே என்று ஒரு விதி வைத்து, அதைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள்.

6. தெரிந்தவர், கட்சிக்காரர், பக்கத்து வீட்டார் என்று நடுவில் நுழைவோருக்கும் ஒரு டோக்கன் எண் போடுங்கள். திரையில் 17-க்குப் பின் 18 வராமல் நாலு பேர் உள்ளே போனால், திரை வைத்ததே வினையாகிவிடும். அவசர நோயாளி என்றால் திரையிலேயே "அவசரம்" என்று காட்டுங்கள். நம் மக்கள் அதற்கு முகம் சுளிப்பதில்லை.

குறிப்பு: நாட்காட்டியை ஊரோடு சேர்த்துப் போடுங்கள். மார்கழி வைகுண்ட ஏகாதசி, ஆடிப்பெருக்கு, சமயபுரம் சித்திரைத் தேர் நாட்களில் ஆற்றைத் தாண்டி வருவோர் நேரத்துக்கு வர மாட்டார்கள். அன்று காலை டோக்கன்களைக் குறைத்துக்கொள்ளுங்கள். நாள் குறிக்கும் அறுவை சிகிச்சைக்கு அஷ்டமி, நவமி தேதியைத் தானாக ஒதுக்கிவிட்டு, பிறகு நோயாளி போன் செய்து மாற்றும் வேலை எதற்கு? கேட்டுவிட்டே ஒதுக்குங்கள். மருத்துவக் காரணத்தால் தள்ளிப்போட முடியாதது என்றால் மட்டும், அதை மருத்துவரே பேசிப் புரிய வைக்கட்டும்.

பெயர்ப் பதிவில் நடக்கும் கூத்து

வெளிநாட்டு முறையில் எழுதிய மென்பொருள் முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு கட்டம் வைத்திருக்கும். இரண்டாவதை நிரப்பாமல் நகராது. ரிசப்ஷன் பெண் ஒரு புள்ளி வைத்து நகர்த்திவிடுவார். ஆறு மாதத்தில் "செல்வி ." பதினான்கு பேர், "லட்சுமி ." இருபது பேர் இருப்பார்கள். ஒருத்தியின் சர்க்கரை ரிப்போர்ட் இன்னொருத்திக்குப் போகும். இதைச் சின்ன எழுத்துப் பிழை என்று நினைக்காதீர்கள், மருந்து மாறும் வழி இதுதான்.

பெயர், இனிஷியல், அப்பா அல்லது கணவர் பெயர், ஊர், வயது. இந்த ஐந்தும் திரையில் ஒரே வரியில் தெரியும்படி மென்பொருள்காரரிடம் கேட்டு வாங்குங்கள். "வயசு அறுபது இருக்கும்" என்பவரிடம் ஆதார் அட்டையைப் பார்த்து ஆண்டைக் குறித்துக்கொள்ளுங்கள். எண்ணை நகலெடுத்து வைக்கத் தேவையில்லை. ரிப்போர்ட் அனுப்பும் முன் பெயரோடு ஊரையும் சேர்த்து வாய்விட்டுப் படித்துச் சரிபார்க்கும் பழக்கத்தை லேபில் கொண்டு வாருங்கள்.

அந்த எண் யாருடையது?

கைப்பேசி வழி உறவில் மிகவும் ஆபத்தான இடம் இது. நம் வீடுகளில் ஒரு எண் என்றால் அது ஒரு ஆளுடையது என்று அர்த்தமில்லை. அம்மாவின் சீட்டில் மகன் எண் இருக்கும். மனைவியின் சீட்டில் கணவர் எண். மாமியார் வீட்டில் ஒரே போன், அதை யார் முதலில் எடுக்கிறாரோ அவர் படிப்பார். கர்ப்பப் பரிசோதனை, கருத்தடை ஆலோசனை, எச்ஐவி, காசநோய், மனநல மருந்து ஆகியவற்றின் முடிவு அந்தத் திரையில் எட்டிப் பார்த்தால் ஒரு குடும்பமே குலையக்கூடும். இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002 நன்னடத்தை விதிகள் நோயாளியின் ரகசியத்தைக் காக்க வேண்டும் என்கின்றன. எண் தவறிப் போனது என்பது அதற்குச் சமாதானம் ஆகாது.

1. எண்ணை வாங்கும்போதே மூன்று கேள்விகள் கேளுங்கள்: "இது உங்க நம்பரா? இதுக்கு ரிப்போர்ட் அனுப்பலாமா? வேற யாராவது பார்ப்பாங்களா?" பதிலைப் பதிவில் குறியுங்கள். கூட வந்தவர் எதிரில் கேட்காமல், ரத்த அழுத்தம் பார்க்கும்போது நர்ஸ் தனியாகக் கேட்பது நல்லது.

2. மேலே சொன்ன பரிசோதனைகளின் முடிவை எந்தச் செய்தியிலும் எழுதாதீர்கள். "உங்கள் ரிப்போர்ட் தயார். நேரில் வந்து பெற்றுக்கொள்ளுங்கள்" போதும். பரிசோதனையின் பெயர்கூட வேண்டாம். துறையின் பெயரும் சில சமயம் காட்டிக்கொடுக்கும். மனநலப் பிரிவு என்ற தலைப்போடு நினைவூட்டல் போகக் கூடாது.

3. மற்ற ரிப்போர்ட்டுகளை பிடிஎஃப் ஆக, கடவுச்சொல் போட்டு அனுப்புங்கள். கடவுச்சொல்லை அதே செய்தியில் எழுதி அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். அதற்குப் போடாமலே விடலாம்.

4. ஊழியரின் சொந்தப் போனிலிருந்து எதுவும் போகக் கூடாது. எக்ஸ்ரேயைப் போட்டோ எடுத்து டாக்டருக்கு அனுப்பிய லேப் ஊழியரின் போனில் அது கல்யாணப் படங்களோடு கிடக்கும். மருத்துவமனைப் போன், மருத்துவமனை எண் மட்டும்.

5. கர்ப்பிணிகளின் ஸ்கேன் படங்களை அனுப்புவதானால், கருவின் பாலினத்தைக் குறிப்பால்கூட உணர்த்தும் எதுவும் அதில் இருக்கக் கூடாது. 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி அது குற்றம். ஆண், பெண் என்று தோன்றும்படியான ஸ்மைலி, நீலம், ரோஸ் நிறம் எல்லாம் இதில் அடக்கம் என்று எண்ணி நடந்துகொள்ளுங்கள்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. நம் ஊரில் பாதி வீடுகளில் ஒரு பிள்ளை சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ இருக்கிறார். அம்மாவுக்கு முட்டி ஆபரேஷன் என்றால் அவர் ராத்திரி ஷிப்டில் நின்றுகொண்டு தங்கையிடம் நாலு முறை போன் போடுவார். தங்கைக்கும் ஒன்றும் தெரியாது. "அம்மாவை 10.20-க்கு உள்ளே அழைத்துப் போனோம்", "முடிந்தது, நன்றாக இருக்கிறார், பேசுகிறார்" என்று இரண்டே வரி அவருக்குப் போனால், அடுத்த இருபது வருடத்துக்கு அந்தக் குடும்பம் உங்களுடையது. அம்மாவிடம் எழுத்தில் சம்மதம் வாங்கிக்கொண்டு, அவர் சொல்லும் ஒரே ஒரு எண்ணுக்கு மட்டும் அனுப்புங்கள். குழுவாக்கிப் பெரியப்பா, சித்தப்பாவையெல்லாம் சேர்க்க விடாதீர்கள்; ஒவ்வொருவரும் ஒரு வைத்தியம் சொல்வார்கள்.

வீட்டுக்குப் போனபின்

டிஸ்சார்ஜ் ஆனதும் உறவு முடிந்துவிட்டதாக நினைப்பதுதான் பொதுவான தவறு. நோயாளிக்குப் பயம் அப்போதுதான் தொடங்குகிறது. தையல் சிவந்திருக்கிறதே, குளிக்கலாமா, கருவாடு சாப்பிடலாமா என்று கேட்க ஆளிருக்காது. அறுவை சிகிச்சை முடிந்து போனவருக்கு மறுநாளும், மூன்றாம் நாளும், ஏழாம் நாளும் ஒரு சிஸ்டர் போன் செய்யட்டும். செய்தியை விட அழைப்பே மேல். படிக்கத் தெரியாதவருக்கு வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்புங்கள். அதே சிஸ்டரின் குரல் என்றால் மாத்திரை ஒழுங்காக உள்ளே போகும்.

குழந்தைகளுக்கான தடுப்பூசிதான் நினைவூட்டலுக்கு வாகானது. பிறந்தவுடன், 6, 10, 14 வாரங்கள், 9 மாதம், 16 முதல் 24 மாதம் என்று தேசிய அட்டவணை தேதி கொடுத்துவிடுகிறது. இரண்டு நாள் முன்பாக ஒரு செய்தி போனால் போதும். கர்ப்பிணிகள் என்றால், குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்குத் தேவையான ஆர்சிஎச் எண்ணை (கர்ப்பப் பதிவு எண்) வாங்கிவிட்டார்களா என்று நாலாம் மாதத்திலேயே கேட்டுவிடுங்கள். பிரசவத்துக்குப் பின் அலைவது மிச்சமாகும். உங்கள் பெயரையும் சொல்வார்கள்.

சர்க்கரை நோயாளிக்கு மூன்று மாதத்துக்கு ஒரு முறை. "நாளை காலை வெறும் வயிற்றில் வரவும்" என்பதோடு "இரவு 9 மணிக்குள் சாப்பிட்டுவிடுங்கள், தண்ணீர் குடிக்கலாம், காலை மாத்திரையையும் இன்சுலினையும் கொண்டு வாருங்கள், சோதனை முடிந்து சாப்பிடும்போது போடலாம்" என்று முழுதாக எழுதுங்கள். பாதி எழுதினால் ஊசி போட்டுக்கொண்டு பட்டினியாகப் பேருந்தில் வந்து மயங்கி விழுவார்.

தவிர்க்க வேண்டியது: பொங்கல் வாழ்த்து, மாஸ்டர் ஹெல்த் செக்கப் சலுகை, டாக்டருக்குப் பிறந்தநாள். மாதம் ஒன்றைத் தாண்டினால் உங்கள் எண்ணை முடக்கிவிடுவார்கள். அதன்பின் தாமதச் செய்தியும் போய்ச் சேராது. இன்னொன்று: வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் பட்டியலில் 256 பேர்தான் அடங்குவார்கள். உங்கள் எண்ணைச் சேமித்தவர்களுக்கு மட்டுமே அது போகும். எண்ணைச் சேமிக்கச் சொல்லி ரிசப்ஷனிலேயே செய்துகொடுங்கள். எஸ்எம்எஸ் என்றால் டிராய் விதிப்படி அனுப்புநர் பெயரையும் வாசகத்தையும் முன்பே பதிவு செய்ய வேண்டும்.

அவசரத்துக்கு இது வழியல்ல

இரவு 2 மணிக்கு "அப்பாவுக்கு நெஞ்சு ஒரு மாதிரி இருக்கு" என்று வாட்ஸ்அப்பில் ஒருவர் எழுதுவார். காலை 8 மணிக்கு ரிசப்ஷன் பெண் அதைப் படிப்பார். இது நடக்காமல் இருக்க, எந்த நேரமும் உடனே போகும் தானியங்கிப் பதில் முதல் நாளே தயாராக இருக்கட்டும்: "இது அவசர உதவி எண் அல்ல. நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், வலிப்பு, ரத்தப்போக்கு, மயக்கம் இருந்தால் உடனே 108-ஐ அழையுங்கள்." கீழே உங்கள் இரவுப் பணி மருத்துவரின் நேரடித் தொலைபேசி. இதைச் செய்யாமல் எண்ணை விளம்பரம் செய்யவே கூடாது.

திரையில் மருத்துவம்

கொரோனா நாளில் அரசின் இ-சஞ்சீவனி 2020 ஏப்ரலில் வீட்டிலிருந்தே ஓபி பார்க்க வழி செய்தபோது, அதை அதிகம் பயன்படுத்திய மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. பழக்கம் அப்போதே வந்துவிட்டது. இதற்கான விதி 2020 மார்ச் 25-இல் வந்த தொலைமருத்துவ வழிகாட்டுதல். அதில் உங்களுக்கு வேண்டியவை: நோயாளியின் பெயர், வயது, இருப்பிடத்தை மருத்துவர் உறுதி செய்ய வேண்டும், தன் பதிவு எண்ணைச் சீட்டில் காட்ட வேண்டும், போதை மருந்துகளையும் அட்டவணை எக்ஸ் மருந்துகளையும் எழுதக் கூடாது, பதிவுகளைப் பாதுகாக்க வேண்டும். நேரில் பார்த்து 6 மாதத்துக்குள் அதே நோய்க்கு அதே மருத்துவரிடம் பேசினால்தான் அது மறு ஆலோசனை.

சிறு மருத்துவமனைக்கு என் யோசனை: புது நோயாளிக்குத் திரை வேண்டாம். ரிப்போர்ட் காட்டுவது, மாத்திரை அளவு மாற்றுவது, தையல் பார்ப்பது, இவற்றுக்கு மட்டும் வையுங்கள். துறையூரிலிருந்து ஐந்து நிமிடப் பேச்சுக்காக ஒரு நாள் கூலியை விட்டு வருபவருக்கு இது பெரிய உபகாரம். கட்டணத்தை முன்பே சொல்லிவிடுங்கள்.

நட்சத்திரங்கள்

கூகுளில் நாலரை நட்சத்திரம் வாங்கித் தருகிறேன் என்பவரை வாசலோடு அனுப்புங்கள். காசுக்கோ தள்ளுபடிக்கோ விமர்சனம் எழுத வைப்பது கூகுள் விதிக்கு முரண். இணைய விமர்சனங்களுக்கென்று இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022 நவம்பரில் தனித் தரமே வெளியிட்டிருக்கிறது. மருத்துவர் நோயாளிகளைத் தேடிப் பிடிக்க விளம்பரம் செய்வதை 2002 விதிகளும் தடுக்கின்றன. அதெல்லாம் போகட்டும், ஒரே நாளில் வந்த 30 "நைஸ் ஹாஸ்பிடல்" யாரையும் ஏமாற்றாது. தெருவில் கேட்டால் உண்மை தெரிந்துவிடும்.

எல்லாரிடமும் ஒரே மாதிரி கேளுங்கள். திருப்தியானவரிடம் மட்டும் இணைப்பை அனுப்புவதும் கூகுள் விதிப்படி தவறே. கெட்ட விமர்சனம் வந்தால்:

1. அன்றே பதில் எழுதாதீர்கள். முதலில் விசாரியுங்கள்.
2. பதிலில் அவர் உங்கள் நோயாளி என்பதை உறுதிப்படுத்தும் ஒரு சொல்லும் வேண்டாம். "நீங்கள் மருந்தைச் சரியாகச் சாப்பிடாததால்தான்" என்று எழுதினால் ரகசியம் உடைந்துவிட்டது.
3. இந்த அளவு போதும்: "காத்திருப்பு குறித்த புகார்களைப் பொருட்படுத்தி விசாரிக்கிறோம். எங்கள் மேலாளரை இந்த எண்ணில் அழைத்தால் பேசித் தீர்க்கலாம்."
4. அவர் சொன்னது உண்மையென்றால் சரிசெய்யுங்கள். இரண்டு மாதம் கழித்து அதே புகார் திரும்ப வந்தால் உங்கள் பதிலைத்தான் ஊர் சிரிக்கும்.

பூட்டு

2022 நவம்பர் 23 அன்று டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் கணினிகளைப் பணம் பறிக்கும் வைரஸ் முடக்கியது. ஓபி சீட்டு முதல் லேப் வரை பல நாட்கள் கையால் எழுதினார்கள். அவர்களுக்கே அந்த நிலை என்றால் ஒரே கடவுச்சொல்லை மானிட்டரின் ஓரத்தில் ஒட்டி வைத்திருக்கும் ரிசப்ஷனுக்கு என்ன ஆகும்?

ஒவ்வொரு ஊழியருக்கும் தனி உள்நுழைவு. வேலையை விட்டவரின் உள்நுழைவை அன்று மாலையே நீக்குங்கள். தினமும் ஒரு நகல், வாரம் ஒரு முறை இணையத்தோடு தொடர்பில்லாத வட்டில் ஒரு நகல். மாதம் ஒரு மணி நேரம் கணினியை அணைத்துவிட்டுக் காகிதத்தில் ஓபி நடத்திப் பாருங்கள். உள்நோயாளி பதிவுகளை 3 ஆண்டுகள் வைத்திருப்பதும், நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தருவதும் 2002 விதிகளிலேயே இருக்கின்றன.

டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் வந்தது. விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. பெரும்பாலான கடமைகளுக்கு 18 மாத அவகாசம். சம்மதப் படிவத்தை நோயாளி தமிழில் கேட்டால் தர வேண்டும். சம்மதத்தைத் திரும்பப் பெறுவது, கொடுப்பதைப் போலவே எளிதாக இருக்க வேண்டும். போதிய பாதுகாப்பு இல்லாமல் தரவு கசிந்தால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு. இணையத் தாக்குதல் தெரிய வந்தால் 6 மணி நேரத்துக்குள் மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 2022 ஏப்ரல் உத்தரவு. அந்த அமைப்பின் மின்னஞ்சல் முகவரியை இப்போதே எழுதி வையுங்கள்.

முதல் 90 நாள்

முதல் மாதம்: எண்ணுவது, சிம், வரைபடம், சம்மதப் படிவம், 108 பதில். ஒரே ஒரு மருத்துவருக்கு மட்டும் டோக்கன் செய்தி. நேரத்தில் ஒழுங்கானவரைத் தேர்ந்தெடுங்கள். மற்றவர்களுக்கு அவரைக் காட்டித்தான் சொல்ல வேண்டியிருக்கும்.

இரண்டாம் மாதம்: மற்ற மருத்துவர்கள், லேப் ரிப்போர்ட். மூன்றாம் மாதம்: அறுவை சிகிச்சைக்குப் பின் அழைப்பு, தடுப்பூசி நினைவூட்டல். ஒவ்வொரு சனிக்கிழமையும் அந்த வாரத்துப் புகார்களை ரிசப்ஷன், நர்ஸ், லேப் மூவரையும் உட்கார வைத்துப் படியுங்கள்.

அதன்பிறகும் சொந்தச் செயலி வேண்டும் என்று தோன்றினால், பிளே ஸ்டோர் பதிவுக்கு 25 டாலர் ஒரு முறையும் ஆப்பிளுக்கு ஆண்டுக்கு 99 டாலரும் கட்ட வேண்டும். கணக்கு மருத்துவமனை நிறுவனத்தின் பெயரில் இருக்கட்டும், செய்துதருபவர் பெயரில் வேண்டாம். ஒப்பந்தத்தில் நாலு வரிகள் கட்டாயம்: நோயாளி விவரங்கள் மருத்துவமனைக்கே உரியவை, கேட்டபோது அவற்றை எக்செல் கோப்பாகத் தர வேண்டும், ஒப்பந்தம் முடிந்தால் அவர்களிடம் உள்ள நகலை அழித்து எழுத்தில் உறுதி தர வேண்டும், கசிவு தெரிந்த ஒரு மணி நேரத்துக்குள் உங்களுக்குச் சொல்ல வேண்டும். இந்த நாலில் ஒன்றுக்காவது "அதெல்லாம் வழக்கமில்லை சார்" என்று பதில் வந்தால், எவ்வளவு மலிவாகக் கேட்டாலும் அவரிடம் கொடுக்காதீர்கள்.